கப்டன் மாறனும் லெப்டினன்ட் இனியனும்

தன்னாமுனை மேர்லின் தன் வாழ்நாளில் சின்னச் சின்னப் பொய்கள் எத்தனையோ சொல்லியிருப்பாள், நம் எல்லோரையும் போல. பெரிய பொய் என்று பார்த்தால் இரண்டே இரண்டுதான். இரண்டும் ஒரே வீட்டைப் பற்றியவை. முதல் பொய்யால் அந்த வீட்டுப் பிள்ளை போனான். இரண்டாவதைக் கடைசியில் சொல்கிறேன், அவசரப்படாதீர்கள்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு மட்டக்களப்பு டவுனில் மிஸ்டர் ஹெக்டர் என்ற பறங்கி மனிதர் தட்டச்சு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். பதினொரு மெஷின் இருந்தது. அதில் நாலில் ஏதாவது ஓர் எழுத்து விழாது. மற்ற வகுப்புகளில் பிள்ளைகளுக்குக் கம்பெனிக் கடிதங்களைக் கொடுத்து அடிக்கச் சொல்வார்கள். ஹெக்டருக்கு அதை நினைத்தாலே கொட்டாவி வரும். அவரிடம் பதினான்கு பாகத்தில் ஓர் இங்கிலீஷ் கடற்கதை இருந்தது. இருநூறு வருடத்துக்கு முந்திய போர்க்கப்பல், அதில் கப்டன் வில்மட், அவருக்குக் கீழே லெப்டினன்ட் ஆர்டன். அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பீரங்கி வெடிக்கிற குரலில் அவர் வாசிப்பார். பிள்ளைகள் நிமிடத்துக்கு நாற்பது சொல் அடிக்க வேண்டும்.

பிள்ளைகள் முக்கால்வாசிப் பேருக்குக் கப்பலும் விளங்காது, கடலும் விளங்காது, விரல் ஓடினால் போதும். மேர்லினுக்கு விளங்கும். கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள், இங்கிலீஷ் நல்லாய் வரும். பக்கத்து மெஷினில் இருந்த கல்லடி அஜந்தாவுக்குப் பாதிதான் விளங்கும், ஆனால் விளங்காத பாதியை விட்டுவிடுகிற பிறவி இல்லை அவள். வகுப்பு முடிந்ததும் மேர்லினின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கதையைக் கேட்பாள். ஒரு நாள் கேட்டாள்:

"இஞ்ச பாருகா மேர்லின். கப்டன்ட கோட்டுப் பொத்தான் அறுந்தா லெப்டினன்டுக்கு என்னகா? கப்பல்ல தையக்காரன் இல்லாமலா இவன் ஊசி நூலெடுத்துக் குந்தியிரிக்கான்?"

"கூட்டாளிமார்கா. பத்து வருசமா ஒரே கப்பல்ல இரிக்காங்க."

"கூட்டாளியாம்! நானும்தான் உன்ட கூட்டாளி. நீ எப்பகா என்ட சட்டைக்குப் பொத்தான் தச்சிரிக்காய்? அவனுக்கு இவனில விருப்பம். எழுதினவனுக்கு அதச் சொல்ல வாய் வரல்ல, அவ்வளவுதான்."

மேர்லின் கன்னம் சிவந்து "போகா விசரி" என்றாள். ஆனால் அடுத்த நாள் கைப்பையில் ஊசியும் நூலும் கொண்டுவந்தாள். அஜந்தாவின் சட்டையில் இரண்டு மாதமாய் ஆடிக்கொண்டிருந்த பொத்தானை வகுப்பு வாசலில் வைத்தே தைத்துக் கொடுத்தாள். அஜந்தா சிரித்த சிரிப்பில் ஹெக்டர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

அப்படித்தான் தொடங்கியது அந்தப் பைத்தியம். ஹெக்டர் அவுஸ்திரேலியாவுக்குப் போகும்போது பதினான்கு பாகத்தையும் மேர்லினிடம் கொடுத்துவிட்டுப் போனார். மேர்லின் வாசித்துச் சொல்ல, அஜந்தா வரிக்கு வரி சாட்சி பிடித்தாள். கப்டன் காய்ச்சலில் கிடந்தபோது லெப்டினன்ட் மூன்று நாள் சாப்பிடவில்லையே, அது ஏன்? கரையில் கப்டனுக்குப் பெண் பார்த்தபோது லெப்டினன்ட் ஏன் வேறு கப்பலுக்கு மாற்றம் கேட்டான்? கேள்விக்குமேல் கேள்வி கேட்டு, கடைசியில் மேர்லினையும் நம்பவைத்துவிட்டாள். பிறகு, புத்தகம் சொல்லாமல் விட்டதைத் தாங்களே எழுதுவதென்று முடிவெடுத்தார்கள். ஒரு கிழமை மேர்லின் கப்டனாய் இருந்து எழுதுவாள், மறு கிழமை அஜந்தா லெப்டினன்டாய் இருந்து பதில் எழுதுவாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் கல்லடிப் பாலத்தில் கொப்பி கைமாறும்.

வில்மட், ஆர்டன் என்று சொன்னால் அஜந்தாவுக்கு நாக்குச் சுளுக்கும். ஆகவே அவள் பெயரை மாற்றினாள். கப்டன் மாறன், லெப்டினன்ட் இனியன். பட்டத்தை மாற்றவில்லை. ஏன் மாற்ற வேண்டும்? கப்டன், லெப்டினன்ட் என்றால் அந்த நாளில் மட்டக்களப்பில் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். இயக்கத்தில் சேர்ந்து சண்டையில் செத்தவர்களின் படத்தைச் சுவரில் ஒட்டி, கீழே பட்டமும் பெயருமாய் அப்படித்தான் போட்டிருப்பார்கள். இது என்ன வினையைக் கொண்டுவரும் என்று அந்த இரண்டு பேரும் ஒரு நாளும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் நான் இதைச் சொல்ல வேண்டிய தேவையே வந்திராது.

தொண்ணூற்றொன்பதில் மேர்லினுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை ஜூலியன், மரவேலை செய்கிறவன், நல்ல மனிதன், கோயிலுக்கு ஒழுங்காய்ப் போகிறவன். அஜந்தா கட்டவில்லை. ஏன் என்று கேட்டுக் கேட்டு அவளுடைய தாய் மங்கையற்கரசி களைத்துப்போனாள். தகப்பன் இல்லாத வீடு. அஜந்தா ஒரு சட்டத்தரணியிடம் தட்டச்சு வேலை செய்து தாயையும், பதினைந்து வயது இளைய தம்பி சிவதர்ஷனையும் பார்த்தாள். வெள்ளிக்கிழமைப் பாலம் மட்டும் தவறவில்லை. மேர்லினுக்கு அந்தப் பாலத்தில் நிற்கிற அரை மணித்தியாலம்தான் கிழமை முழுக்கக் காத்திருக்கிற நேரம். அது எந்த வகை அன்பு என்று அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் மாறனும் இனியனும் சொன்னார்கள்.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு மார்கழியில்தான் மேர்லின் பதினான்காம் பாகத்தைக் கடைசிவரை வாசித்துச் சொன்னாள். புயலில் லெப்டினன்டைக் கடல் அடித்துக்கொண்டு போகிறது. ஆள் கிடைக்கவில்லை. கதை முடிந்தது. அஜந்தாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும்.

"எழுதினவன்ட கைய முறிக்கணும்! நான் அவனச் சாக விடமாட்டன்கா. ஒன்பதாம் கொப்பியில அவன் வருவான், நீ பாரு."

இருபத்து நாலாம் தேதி, வெள்ளிக்கிழமை, பாலத்தில் வெறுங்கையோடு வந்தாள். "எழுதிட்டன், கடைசிப் பக்கம் மட்டும்தான் மிச்சம். நத்தார் முடியத் தாறன்" என்று சொல்லிவிட்டு, நத்தார்ப் பலகாரத்தை வாங்கிக்கொண்டு போனாள்.

நத்தாருக்கு மறுநாள் ஞாயிறு. மேர்லின் தன்னாமுனைக் கோயிலில் பூசையில் இருந்தாள். கல்லடியில் கடல் ஊருக்குள் வந்தது. அஜந்தாவின் வீடு கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம். மங்கையற்கரசி ஒரு தென்னையைக் கட்டிப் பிடித்துத் தப்பினாள். படகு என்ஜின் திருத்தப் பழகிக்கொண்டிருந்த சிவதர்ஷன் வாவிப் பக்கம் நின்றதால் தப்பினான். அஜந்தாவை மூன்றாம் நாள்தான் எடுத்தார்கள். மேர்லினைப் பார்க்க விடவில்லை. பார்க்காமல் இருப்பது நல்லது என்றார்கள். பாவிகள், அவளுக்கு எது நல்லது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

வீடு இருந்த இடத்தில் மணல்தான் இருந்தது. ஒன்பதாம் கொப்பியோடு இன்னும் ஐந்து கொப்பி கடலோடு போயிற்று. மேர்லினிடம் மூன்று மிச்சம். அதில் ஒன்று முழுக்க முழுக்க அஜந்தாவின் கையெழுத்து.

ஒரு வருடம் கழிந்து, கடலில் வீடு போனவர்களுக்குத் திராய்மடுவில் கட்டிக் கொடுத்த வீட்டில் திவசம். மங்கையற்கரசி மேர்லினைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "படத்துக்குப் பூ வைக்கலாமெண்டா ஒரு படம் இல்லயே மனே. முகத்த மறந்திடுவனோ எண்டு பயமாக் கிடக்கு." மேர்லினுக்குத் தாங்கவில்லை. அடுத்த நாளே அந்தக் கொப்பியைக் கொண்டுவந்து கொடுத்தாள். "இது அஜந்தாட கை மாமி. அவ எழுதின கதை."

மங்கையற்கரசிக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத்தான் தெரியும், கண்ணும் சரியில்லை. அவள் அதை வாசிக்கவில்லை. சாமித்தட்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அட்டையில் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தாள். வருடா வருடம் மார்கழியில் அந்தக் கொப்பிக்கு மாலை போட்டு விளக்கேற்றினாள். பிள்ளையின் படம் இல்லாத தாய், பிள்ளையின் எழுத்துக்குப் பூ வைத்தாள். இதில் என்ன பிழை சொல்வீர்கள்?

இரண்டாயிரத்து ஒன்பது வைகாசியில் வன்னியில் சண்டை முடிந்தது. டவுனில் வெடி கொளுத்தினார்கள். எங்கள் சனம் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தது. அடுத்த மாதம் தேடுதல் தொடங்கியது. வன்னியிலிருந்து யார் தப்பி வந்து எங்கே ஒளிந்திருக்கிறான் என்று ஆமிக்காரர் வீடு வீடாய்க் கிண்டினார்கள்.

திராய்மடுவில் தேடியவர்களுக்கு அந்த வீட்டில் இருபத்திரண்டு வயதுப் பொடியன் ஒருவன் கிடைத்தான், தொழில் படகு என்ஜின் திருத்துவது. சாமித்தட்டில் ஒரு கொப்பி கிடைத்தது, காய்ந்த மாலையோடு. திறந்தால் முதல் பக்கத்தில் எடுப்பான எழுத்தில்: கப்டன் மாறன், லெப்டினன்ட் இனியன். உள்ளே படகு, பீரங்கி, இருட்டில் கரையிறக்கம். பிறகு கேட்க என்ன இருக்கிறது? சிவதர்ஷனைக் கொப்பியோடு ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மங்கையற்கரசி செருப்பில்லாமல் தன்னாமுனைக்கு ஓடிவந்தாள். "நீ தந்த கொப்பிதான் புள்ள. அது கதையெண்டு வந்து சொல்லு. நீ சொன்னா விட்டிடுவாங்க."

ஜூலியன் தனியாய்ப் போகவேண்டாம் என்று பங்குச் சாமியாரையும் கூட்டிக்கொண்டான். ஹெக்டரின் பதினான்காம் பாகத்தைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு மேர்லின் வாவிக்கரையில் இருந்த அந்த முகாமுக்குப் போனாள். தகரக் கொட்டிலில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் சிவில் உடுப்பில் ஓர் அதிகாரி, தமிழ் நல்லாய்ப் பேசுகிறவர். மரியாதையாய்த்தான் பேசினார்.

"மாறன் ஆரு? இனியன் ஆரு?"

"கதை சேர். இந்த இங்கிலீஷ் புத்தகத்தில வாறாக்கள்."

அவர் புத்தகத்தைப் புரட்டினார். "இதில மாறன் இல்லயே."

"பேர மாத்தினது சேர். எழுதின பிள்ளைக்கு இங்கிலீஷ் பேர் வராது."

"எழுதின பிள்ளை எங்க?"

"சுனாமியில போயிட்டா."

அதிகாரி புத்தகத்தைத் தள்ளி வைத்தார். பிறகு கொப்பியைத் திறந்து ஒரு பக்கத்தை வாசித்தார். "'நீ இல்லாமல் நான் இந்தக் கரையில் கால் வைக்கமாட்டேன் என்று மாறன் சொன்னான். இனியன் துடுப்பை எடுத்தான்.' இது புத்தகத்தில இரிக்கா?"

"இல்ல சேர்."

"புத்தகத்தில இல்லாததுக்கு ஏன் இவ்வளவு எழுதணும்? ஒரு கொப்பி முழுக்க? பூமாலை போட்டு? இவங்க ரெண்டு பேருக்கும் என்ன உறவு?"

இந்த இடம்தான். இந்த இடத்தில் மேர்லின் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு ஆம்பிளைகள், ஒருவனில் ஒருவனுக்கு உயிர், இரண்டு பெண்பிள்ளைகள் சேர்ந்து எழுதின காதல் கதை சேர் என்று சொல்லியிருந்தால் அந்த மனிதன் சிரித்துவிட்டுக் கொப்பியை மூடியிருப்பான். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். இடது பக்கம் சாமியார் இருந்தார். வலது பக்கம் ஜூலியன் இருந்தான். பத்து வருடம் கூட இருந்த புருசன், அந்தக் கொப்பிகளைச் சமையல் குறிப்பென்று நினைத்திருந்தவன். பின்னால் அஜந்தாவின் தாய். சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும்? நீங்கள் இரண்டு பேரும் ஏன் இப்படி எழுதினீர்கள் என்று வரும். மேர்லினுக்குக் காது சுட்டது.

"கூட்டாளிமார் சேர்," என்றாள். "ஒண்டா வேலை செய்யிற அதிகாரிமார். வேற ஒண்டுமில்ல."

அஜந்தா உயிரோடு இருந்திருந்தால் அந்த இடத்திலேயே கிள்ளியிருப்பாள்.

அதிகாரி தலையை ஆட்டி அதை அப்படியே எழுதிக்கொண்டார். "சரி. நாளைக்குப் பாப்பம்" என்றார்.

வீட்டுக்கு வந்து மேர்லின் அடுப்பு மூட்டவில்லை. ஜூலியன் கேட்டதற்குத் தலையிடி என்றாள். விடிந்ததும் மிச்சக் கொப்பி இரண்டையும் எடுத்துக்கொண்டு, ஒருவரிடமும் சொல்லாமல் முதல் பஸ்ஸைப் பிடித்தாள். முகாம் வாசலில் மங்கையற்கரசி ஏற்கனவே குந்தியிருந்தாள். இரண்டு பேரையும் உள்ளே விட்டார்கள்.

"சேர், நான் நேத்துப் பொய் சொன்னன்," என்றாள் மேர்லின். "அவங்க கூட்டாளிமார் இல்ல. அவங்களுக்குள்ள விருப்பம். நாங்கதான் அப்பிடி எழுதினம், நானும் அஜந்தாவும். அந்தக் கொப்பியத் தாங்க, வாசிச்சுக் காட்டுறன்."

வாசித்தாள். நின்றபடியே, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. காய்ச்சலில் கிடந்த மாறனின் நெற்றியில் இனியன் முத்தம் கொடுத்த பக்கம். பொத்தான் தைத்த பக்கம். உன் மூச்சுச் சத்தம் கேட்காத கப்பலில் எனக்கு நித்திரை வராது என்று இனியன் எழுதிய கடிதம். அதிகாரிக்கு முதலில் உதடு துடித்தது. பிறகு வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்து அறையில் இருந்த இரண்டு பேரைக் கூப்பிட்டு, "இஞ்ச வந்து கேளுங்க" என்றார். அவர்களும் சிரித்தார்கள். ஒருவன் இன்னொருவனின் தோளில் சாய்ந்து நடித்துக் காட்டினான். மேர்லின் நிறுத்தவில்லை. அவமானத்தால் சாவதென்றால் செத்துப்போகட்டும், பொடியன் வந்தால் போதும். கண்ணீர் கொப்பியில் விழ விழ வாசித்தாள். மங்கையற்கரசி சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், மூன்றரை வருடம் தான் பூ வைத்த கொப்பியில் இருந்ததை முதல் தடவையாய்.

அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போதும், போதும். விளங்குது. இது சண்டைக்காரனுகள்ட வேல இல்ல. இத நேத்தே சொல்லியிரிக்கலாமே தங்கச்சி."

"அப்ப தம்பிய விடுறீங்களா சேர்?"

சிரிப்பு நின்றது. அவர் மேசையில் இருந்த பேனாவை எடுத்து மூடினார். "நேத்துப் பின்னேரம் கொண்டுபோயிட்டாங்க. ஒண்டா வேலை செய்யிற அதிகாரிமார் எண்டு நீங்க சொன்னத வச்சு நான் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டன். எங்க கொண்டுபோனாங்க எண்டு எனக்குத் தெரியாது. விசாரிச்சுப் பாருங்க."

விசாரிக்காத இடமில்லை. கொப்பிகளையும் திருப்பித் தரவில்லை, மூன்றையும் வைத்துக்கொண்டார்கள்.

அன்று பஸ் தரிப்பில் நிற்கும்போது மங்கையற்கரசி ஒரேயொரு கேள்வி கேட்டாள். திட்டவில்லை, மண் வாரித் தூற்றவில்லை. தூற்றியிருந்தால் மேர்லினுக்கு ஆறுதலாய் இருந்திருக்கும்.

"நேத்து ஏன் புள்ள சொல்லல்ல?"

"வெக்கமா இருந்திச்சு மாமி."

பஸ் வந்தது, ஏறினார்கள்.

மேர்லின் வீட்டில் ஜூலியனிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் எழும்பி உளியைத் தீட்டப் போனான். அடுத்த ஞாயிறு கோயிலில் அவளுக்குப் பக்கத்தில்தான் இருந்தான். அதற்குமேல் அந்தப் பேச்சு அந்த வீட்டில் இல்லை.

அடுத்த வருடம் டவுனில் ஒரு தட்டச்சுக் கடையில் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். பிள்ளையைத் தேடுகிற தாய்மார் அங்கேதான் வருவார்கள், மனு அடிக்க. பெயர், வயது, கொண்டுபோன தேதி, கொண்டுபோன இடம், கடைசியாய் உடுத்தியிருந்தது. கொண்டுபோன காரணம் என்ற இடத்தில் எல்லாத் தாய்மாரும் "தெரியா" என்பார்கள், மேர்லின் அப்படியே அடிப்பாள். மாதம் ஒரு முறை மங்கையற்கரசி வருவாள். அவளுடைய மனுவில் மட்டும் அந்த இடத்தில் மேர்லின் முழு உண்மையையும் அடித்தாள்: ஒரு கதைக் கொப்பி, அதில் இரண்டு பேர் ஒருவரையொருவர் விரும்பினார்கள், அதைத் தெரிந்தவள் கேட்ட அன்று சொல்லவில்லை. கீழே தன் பெயரையும் போட்டாள். எந்த அலுவலகமும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டு எழுதவில்லை. அவர்கள் வாசித்தால்தானே!

ஆறு வருடம் இப்படிப் போயிற்று. ஒரு நாள் மனுவை மடித்துப் பையில் வைத்த மங்கையற்கரசி எழும்பாமல் இருந்தாள். உடம்பு பாதியாய்ப் போயிருந்தது, கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது.

"மேர்லின் புள்ள. அந்தக் கதையில ஒரு பொடியனக் கடல் கொண்டுபோச்செண்டு சொன்னாயே. இனியன்."

"ஓம் மாமி."

"என்ட புள்ள கடைசிக் கொப்பியில அவனப் பத்தி எழுதிக்கொண்டிருந்தவள்தானே. மேசையில குந்தி எழுதினத நான் பாத்தன். அதில அந்தப் பொடியன் திரும்பி வந்தானா?"

அந்தக் கொப்பியை மேர்லின் கண்ணால் கண்டதில்லை. கடைசிப் பக்கம் மிச்சமென்று அஜந்தா சொன்னாள், அந்தப் பக்கத்தை எழுதினாளோ இல்லையோ, கடலுக்குத்தான் தெரியும். புத்தகத்தில் அவன் வரவில்லை. மேர்லினுக்கு அது தெரியும்.

"வந்தான் மாமி," என்றாள்.

"நீ வாசிச்சியா?"

"வாசிச்சன். கப்பல் கரைக்கு வாற அண்டைக்கு, மெலிஞ்சு, தாடியோட வந்து நிண்டான். மாறன் பாலத்துக்கு ஓடிவந்து கையப் பிடிச்சான்."

இதுதான் இரண்டாவது பொய். இந்த முறை அவளுக்கு வெட்கம் வரவில்லை.

மங்கையற்கரசி கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். "மெலிஞ்சுதான் வருவான். அங்க சாப்பாடு சரியில்லதானே," என்றாள். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மனு இருந்த பையைக் கக்கத்தில் இறுக்கிப் பிடித்து, திராய்மடு பஸ்ஸுக்கு எழும்பிப் போனாள்.